பாலைவனத்தில் ஒரு மணல் வாளி

என் நெஞ்சுக்குள் இன்னமும் குடியிருக்கும் செல்வி அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். உங்கள் இளையாளைப் பார்த்துவிட்டு வந்த கோபம். யாரைச் சொல்கிறாள் இவள் என்று முழிக்காதீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் யாரோடு குடும்பம் நடத்தினீர்களோ அவளைத்தான். அந்த ஓமான் நாட்டுப் பாலைவனத்தைத்தான் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்து எங்கள் பட்டாசுக் கம்பெனியைப் பூட்டியதும் நம் செல்வி டிக்கெட் அனுப்பிவிட்டாள். நீங்கள் ஆளைப் பிடித்துச் சேர்த்துவிட்ட அதே மஸ்கட் ஆஸ்பத்திரியில்தான் இன்னும் நர்ஸாக இருக்கிறாள். "அப்பா சமைச்ச எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்மா" என்றாள். நீங்கள் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஜீப் டூரில் எங்கள் இருவருக்கும் இடம் பிடித்தாள். முதல் நாள் மலைப் பள்ளத்தாக்கு, அப்புறம் மணல்காடு, படுக்கை எல்லாம் கூடாரத்தில். வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு நடுவில் எம். புதுப்பட்டிக்காரி ஒருத்தி. நினைத்துப் பாருங்கள்.

எதற்காகப் போனேன் தெரியுமா? உங்களைப் பார்க்க என்று செல்வியிடம் சொன்னேன். அது பொய். அவளைப் பார்க்கத்தான் போனேன். என்னிடம் இல்லாத எது அவளிடம் இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

நம் பாடு உங்களுக்குத் தெரியாததா? கோடையில் அங்கே வெயில் தாங்காது என்று கூடாரத்தைச் சுருட்டிவிட்டு உங்களை ஊருக்கு அனுப்புவார்கள். பட்டாசு காய அந்த வெயில் இருந்தால்தான் எங்களுக்கு வேலை. கோடையில் லீவு கேட்டால் போர்மேன் முறைப்பார். மழை பிறந்து, தீபாவளி முடிந்து, நான் சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அங்கே குளிர் வந்து உங்களுக்குக் கூட்டம் குவியும். என் சீசனும் உங்கள் சீசனும் ஒரு வருஷமாவது ஒத்துப்போனதா? நீங்கள் வந்திருக்கும் மாதத்தில் நான் வேலை முடித்து வீட்டுக்கு வந்தால், மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். வீட்டுக்குள் புழுக்கம், அதனால்தான் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி.

"அங்க எப்படித்தாங்க இருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "மணலு. வேற என்னத்தச் சொல்ல?" அவ்வளவுதான். அதைக் கேட்டு நான் எவ்வளவு பாவப்பட்டிருக்கிறேன்! மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்கும்போதெல்லாம், "பாவம், எங்க வீட்டு ஆளு அங்கன மணல்ல காயுறாக" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவேன்.

போனில் ஒரே ஒரு தடவைதான் பெரிய சண்டை போட்டோம். ஞாபகம் இருக்கிறதா? துணிக் கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு வைத்துச் சமைப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் சிவப்பு வாளியில் மணல் இருக்கும். அது இல்லாமல் ஒருத்தி உள்ளே கால் வைக்கமாட்டாள்.

"வாசல்ல மணல் வாளி வச்சிருக்கீகளா?" என்று கேட்டேன்.

சிரித்தீர்கள். "ஏட்டி, கூறுகெட்டவளே, சுத்திலும் மணலுதான் கெடக்கு. அத வாளில வேற அள்ளி வைக்கணுமாக்கும்?"

"கெடந்தா ஆச்சா? தீப்பிடிச்சா குனிஞ்சு தோண்டிக்கிட்டு இருப்பீகளா? கைக்குத் தோதா வாளில இருக்கணும்லா?"

நீங்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. பக்கத்தில் வேறு யாரோ சிரிப்பதும் கேட்டது. போனை வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க உங்களோடு பேசவில்லை. அப்புறம் வாளியைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். ஜீப்பை ஓட்டி எங்களைக் கூட்டிப்போனவர் சாலிம். உங்களோடு அத்தனை வருஷம் சுற்றிய ஓமான்காரர். நீள வெள்ளை அங்கியும் தலையில் பூப்போட்ட துணியுமாக இறங்கி வந்து, என் முன்னால் கை கூப்பினார். "வாங்க மதினி. சாப்பிட்டீகளா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தமிழ் என்பதால் இல்லை. அது நம் ஊர்ப் பேச்சு. அந்த இழுவைகூட உங்கள் இழுவை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் "கொஞ்சோண்டு" என்கிறார். தள்ளி உட்கார் என்பதற்கு "அங்கன, அங்கன" என்கிறார். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனுஷன், ஒரு அரபுக்காரரோடு இவ்வளவு பேச்சுப் பேசியிருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மூடுவானேன்?

வழி நெடுக உங்கள் பேச்சுத்தான். உங்கள் பெயரைப் பாதியாக வெட்டி, சாமி, சாமி என்று அவர் வாய் ஓயாமல் சொல்கிறார். கட்டிய நாளிலிருந்து நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத பெயர். ரேஷன் கடையில் கேட்டால்கூடச் செல்வியை முன்னால் தள்ளிச் சொல்லச் சொன்ன பெயர். அங்கே தெருவில் கிடக்கும் சாமான் மாதிரி ஆளாளுக்கு எடுத்துப் புழங்குகிறார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் காலெல்லாம் கூசுகிறது. சாலிம் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, மனசுக்குப் பிடித்த ஒருவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடச் சொன்னார். பள்ளத்தாக்கு அதைத் திருப்பிக் கூப்பிடுமாம். இது நீங்கள் தொடங்கிவைத்த விளையாட்டு என்று செல்வியிடம் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கத்தினார்கள். அதுவும் ஒவ்வொரு பெயரையும் பிசகாமல் திருப்பிச் சொன்னது.

என் முறை வந்தது. எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். எந்தப் பெயரைச் சொல்வேன் நான்? கண்ணை மூடிக்கொண்டு, "ஏங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

ஏங்க, ஏங்க, ஏங்க என்று அந்த மலை முழுக்கக் கூப்பிட்டது. சாலிம் கை தட்டினார். உள்ளதைச் சொல்கிறேன், வீட்டில் நான் கூப்பிட்டு நீங்கள் ஒரு நாளும் அத்தனை வேகமாகப் பதில் சொன்னதில்லை. அதே விளிம்பில் நின்று நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்? சாலிமிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வேறு ஏதாவது பெயரைச் சொல்லித் தொலைத்துவிட்டால் என்று கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மணல்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜீப்பை விட்டு இறங்கி நின்றேன். நின்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை. ஆத்திரத்தில். இவ்வளவு அழகா அவள்? அந்தி வெயிலில் மஞ்சளையும் குங்குமத்தையும் குழைத்து மேலெல்லாம் பூசிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி கிடக்கிறாள். மேடு மேடாக, மடிப்பு மடிப்பாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் அவள்தான். கால் வைத்தால் பட்டு மாதிரி இருக்கிறது. மணலு, வேற என்னத்தச் சொல்ல? உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நான் பாவப்பட்டுச் சாப்பிட்ட சோறெல்லாம் எனக்கு ஏமாந்த சோறாகத் தெரிந்தது.

இருட்டத் தொடங்கியதும் விறகைக் கூட்டித் தீ மூட்டினார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதே. தீக்குச்சி உரசினாலே பத்தடி தள்ளி நிற்கும் பிழைப்பு. தள்ளிப் போய் உட்கார்ந்தேன். சாலிம் வந்து தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் நீங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோற்றுப் பானையைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுகிறீர்கள். அப்புறம் எழுந்து ஆடுகிறீர்கள். நீங்கள்! நம் கல்யாணத்தில் மாலை மாற்றவே கூச்சப்பட்டவர். ஒரு வெள்ளைக்காரி உங்கள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கூடவே குதிக்கிறாள். நீங்கள் வாய் நிறையச் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதே அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரியவந்தது.

ஊருக்கே வந்துவிட்டேன் என்று கடைசியாகப் பெட்டியை இறக்கினீர்களே, அதற்கப்புறம் ஒரு சீசன்கூட முழுசாக நிற்கவில்லை. காப்பி கேட்டீர்கள், நான் கொண்டுவருவதற்குள் கண்ணை மூடிவிட்டீர்கள். ஆடிய மனுஷன் அவளுக்கு, அசந்த மனுஷன் எனக்கா? இது என்ன நியாயம்?

செல்வி அந்த வீடியோவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள். "எனக்கு இத அனுப்பாத" என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை. கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தேன்.

சமையல் கூடாரத்தின் வாசலில் ஒரு சிவப்பு வாளி. அதன் கழுத்து வரை மணல்.

சுற்றிலும் வானம் தொடுகிற வரைக்கும் மணல். அதற்கு நடுவில், வாளியில் மணல். வெள்ளைக்காரன் ஒருவன் அதைப் போட்டோ எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே ஓடிவந்த சாலிம் வாளியைத் தொட்டுக் காட்டினார். "இது பேரு மதினி" என்றார்.

மீதியைச் செல்விதான் கேட்டுச் சொன்னாள். கூடாரம் அடித்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால், "மதினிய வாசல்ல வச்சாச்சா?" என்று கேட்பீர்களாம். வைக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டீர்களாம். வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்வார்களாம். அதற்கு நீங்கள், "எங்க வீட்டு ஆர்டர். அவ வாசல்ல நின்னாத்தான் எனக்கு உள்ள வேல ஓடும்" என்பீர்களாம். நம் சண்டைக்கு மறுநாளே நாற்பது மைல் போய் அந்த வாளியை வாங்கிவந்தது சாலிம்தானாம். அன்றைக்குப் போனில் கேட்ட சிரிப்பும் அவருடையதுதான்.

வாளிக்குள் கையை விட்டேன். மணல் இறுகிப்போயிருந்தது. "என்னய்யா இது, கெட்டி தட்டிக் கெடக்கு? தீப்பிடிச்சா ஒடைச்சுக்கிட்டா இருப்பீக? வாரா வாரம் கிளறிவிடணும்லா?" என்று சாலிமைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். நானே இரண்டு கையாலும் உடைத்துப் பொடித்துவிட்டேன். கண்ணீர் சிந்தினால் ஈரத்தில் மறுபடியும் இறுகிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த வாளியை ஊருக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். அவ்வளவு மரியாதையாகப் பேசிய மனுஷன், வாளியைக் காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, "முடியாது மதினி, முடியாது" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அவருக்கும் பொறாமைதான் போலிருக்கிறது.

ஆனால் இதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என்னைத் தினம் அங்கே வாசலில் நிறுத்தியவர், அதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னால் என்ன? நான் என்ன, மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்?

வரும்போது ஊறுகாய் பாட்டிலில் உங்கள் இளையாளை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன். கம்பெனி திறந்த அன்று, என் ரூம் வாசலில் இருக்கும் சிவப்பு வாளியில் கொட்டிவிட்டேன். போர்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, மணலு ஒரு பக்கம் செவசெவன்னு இருக்கு?"

"எங்க வீட்டு இளையாள்தான். கெடந்துட்டுப் போகட்டும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இனி தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டும்போதெல்லாம் அங்கே போய், என் வாளியைக் கிளறிவிட்டு வருவேன். உடம்பில் தெம்பு இருக்கும் மட்டும் இதில் மாற்றமில்லை. செல்வி போனில் இருக்கும் அந்த வீடியோவையும் என்றைக்காவது வாங்கிப் பார்ப்பேன். இன்றைக்கு இல்லை. மற்றபடி, நான் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரமெல்லாம் உங்கள் இளையாள் என் வாசலில் காவல் நிற்பாள். உள்ளே மட்டும் அவளை விடமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சம்சாரம்,
செல்வி அம்மா