பதினேழாம் நம்பர் அறிவியல் நோட்டு

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. பள்ளிக்கூட மணி கேட்டது, பள்ளிக்கூடம் தெரியவில்லை.

இந்த நோட்டில் எழுதினால் பயமில்லை. அறிவியல் நோட்டு. ஜூனில் கொடுத்தது, இன்று வரை முன்பக்கத்தில் ஒரு வரி கிடையாது. யாரும் திறக்க மாட்டார்கள். பின்னாலிருந்து எழுதி வருகிறேன். அய்யா, அம்மா, கோமதி அக்கா மூவரும் தூங்கியாயிற்று. சிம்னி விளக்கு சின்னதாக.

இன்று ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து வெள்ளைக்கார அம்மா. எல்லோரும் மதாம்மா என்கிறார்கள். இன்னொருவர் ட்ரெயினிங் காலேஜ் டீச்சர், மலையாளி. அந்தப் பல்கலைக்கழகமும் நம் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு திட்டம். ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தும் முறை, ஹெட்மாஸ்டர்களுக்கும் காலேஜ் நடத்துகிறவர்களுக்கும் நிர்வாகம், இதெல்லாம் சொல்லிக் கொடுப்பார்களாம். இந்த நோட்டும் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். பக்கத்துக்குப் பக்கம் சீல்.

ஒன்பதாம் வகுப்பு தமிழ்ப் பிரிவு, 22 பேருக்கும் ஒரு தாள். கேள்விகளைக் காலேஜ் டீச்சர் சொல்ல, ஞானமுத்து சார் தமிழில் சொன்னார். பெயர் எழுத வேண்டாம், நம்பர் மட்டும் போதும். தமிழிலேயே எழுதலாம். பள்ளிக்கூடத்தில் யாரும் படிக்க மாட்டார்கள், சத்தியம் என்றார்கள்.

ஆறாவது கேள்வி: எந்தப் பாடம் கஷ்டம்? ஏன்?

பக்கத்தில் ஜெசிந்தா ‘கணக்கு’ என்று எழுதிவிட்டு முடி பின்னிக்கொண்டிருந்தாள். நான் ஒன்பது வரி எழுதினேன். ஜூனிலிருந்து அறிவியல் நடக்கவில்லை. ஞா. சார் நல்லவர், ஆனால் அறிவியல் பீரியட் எல்லாம் ஆபீசில். இந்தத் திட்டத்துக்கு ரிப்போர்ட் எழுதுகிறார், டைப் அடிக்கிறார், செமினாருக்குப் போகிறார். பாடம் நடத்துவது எப்படி என்று கற்கப் போவதால் பாடம் நடப்பதில்லை. என் அக்கா போன வருடம் இதே அறிவியலில் தோற்று எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். நானும் தோற்பேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நம்பர் என்றால் ஹாஜர் நம்பர்தானே? 17 என்றால் நான்தானே?

நவம்பர் 6, புதன்

மழை இல்லை. காலில் மூன்று அட்டை. அக்காவுக்குப் பதினொன்று.

அறிவியல் பீரியட். ஞா. சார் வந்தார், சாக்பீஸை எடுத்தார். ஹெட்மாஸ்டர் (ஹெ.மா.), அவரும் மலையாளி, வாசலில் நின்று “ஸாரே, ஆ ரிப்போர்ட்” என்றார். சார் சாக்பீஸை வைத்துவிட்டுப் போனார். சாக்பீஸ் தேயவே இல்லை. லீடர் செல்லத்துரை பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதினான். இதுதான் ஐந்து மாதமாக அறிவியல்.

அய்யா ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: “பாசானா படி தாயி. இல்லேன்னா மார்ச்சோட பேரப் பதிஞ்சிருவோம். காலைல ஆளெடுக்குற பெரட்டுல பேரு இருந்தாத்தான் எஸ்டேட்டு லயத்துல வீடு நெலைக்கும்.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயம்.

நவம்பர் 11, திங்கள்

தாள்கள் திரும்பி வந்துவிட்டன.

சாக்பீஸ் எடுக்க ஆபீசுக்குப் போனேன். மேஜையில் பழுப்பு உறை. ஹெ.மா. ஞா. சாரிடம் பாதி மலையாளம் பாதி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்: “காலேஜில் தமிழ் வாயிக்கான் ஆளில்ல. மதாம்மாக்கும் அறியில்ல. ஸார் இங்கிலீஷில் ஆக்கித் தரணும். சீக்கிரம்.”

இந்த ஸ்கூலில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒரே ஒருவர். யாரைப் பற்றி எழுதினேனோ அவர் கையிலேயே. சத்தியம் செய்தவர்களுக்கு ஒரு தமிழ் ஆள்கூடவா கிடைக்கவில்லை? இவ்வளவு பெரிய இரண்டு பல்கலைக்கழகம்!

சாக்பீஸை எடுக்காமலே வந்துவிட்டேன். கணக்கு டீச்சரிடம் திட்டு.

நவம்பர் 12, செவ்வாய்

நாளை தீபாவளி. மேல் லயத்தில் இப்போதே வெடி. நான் எழுதியே ஆக வேண்டும்.

ஞா. சார் காலையில் சொன்னார்: “பேச்சியம்மா, ஒன் இங்கிலீஷ் எழுத்து நல்லாருக்கும்லா. மத்தியானம் ஆபீசுக்கு வா.”

ஆபீசில் சாரும் நானும் மட்டும். டைப்ரைட்டர் ரிப்பன் போய்விட்டதாம். 22 தாளும் சார் இங்கிலீஷ் ஆக்கி வைத்திருந்தார். நான் புதுத் தாளில் அழகாக எடுத்தெழுத வேண்டும். எதிரில் அவர் வேறு ரிப்போர்ட். தலைப்பைத் தலைகீழாகப் படித்தேன்: பாடவேளைகளைப் பயனுள்ளதாக்குவது பற்றி.

16 வரை எழுதினேன். எனக்குப் புரிந்த வரை எல்லாம் சரி. 17-இல் ஒன்பது வரி இல்லை. இரண்டே வரி. அறிவியல் எனக்குப் பிடிக்கும். சார் தினமும் சோதனை செய்து காட்டி விளக்குகிறார்.

பேனா நின்றுவிட்டது.

“என்னம்மா?”

“சார்... இது பதினேழு...”

“பதினேழுல என்ன?”

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெதுவாகத்தான் பேசினார். “இங்க பாரு. இதை எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஹெட்மாஸ்டர் கேட்டாலும் தெரியாது. புரியுதா? அந்தப் பிள்ளைக்கும் நல்லது, எனக்கும் நல்லது. எழுது.”

எழுதினேன். என் கையாலேயே, அழகாக.

மாட்டிக்கொள்ளவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டே வீடு வந்தேன். தாடை இன்னும் வலிக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

குளிர். தண்ணீர்க் குழாயில் உறைபனி என்று அம்மா சொன்னாள். நான் பார்க்கும்போது இல்லை.

பிரேயரில் ஹெ.மா. சிரித்துக்கொண்டே ஒரு கடிதம் வாசித்தார். மதாம்மா மாதக் கடைசி வரை காலேஜில்தான் தங்கியிருக்கிறாராம். மலைப்பள்ளியில் தினமும் சோதனை செய்து அறிவியல் நடப்பது கேட்டு ஆச்சரியமாம். வியாழக்கிழமை அந்த வகுப்பைப் பார்க்க வருகிறார். நோட்டுகளையும் பார்ப்பார். போட்டோ எடுப்பார்.

அதாவது, சார் எழுதிய அந்த இரண்டு வரியைப் பார்க்க வருகிறார்.

பிரேயர் முடிந்ததும் ஹெ.மா. முகத்தில் சிரிப்பு இல்லை. “புதன்கிழமை நாலு மணிக்கு ஒம்பதாம் கிளாஸ் சயின்ஸ் நோட்டு முழுசும் என் மேசையில் வரணும். ஜூன் முதல் எல்லா பாடமும் எழுதியிருக்கணும்.”

என் நோட்டு இது. கிழிக்க முடியாது, பக்கத்துக்குப் பக்கம் சீலும் நம்பரும். வேறு நோட்டு கொடுக்க முடியாது, அட்டையில் 17.

நவம்பர் 19, செவ்வாய்

ஐந்து மாதப் பாடத்தை ஒரு நாளில் எழுதினோம். கணக்கு, ட்ரில், மலையாளம் எல்லா பீரியடும் இன்று அறிவியல். சார் போர்டில் எழுத நாங்கள் பார்த்து எழுத.

“தேதி போடுங்க. ஜூன் பத்து.”

ஜெசிந்தா: “சார், மழைன்னும் போடவா? அன்னைக்கி ஒழுகுச்சுல்லா.”

“போடாத.”

“பச்ச மையா, நீல மையா சார்? ஜூன்ல என்ட்ட பேனாவே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் முன்பக்கத்தில் எழுதி, பின்பக்கம் விரியாமல் முழங்கையால் அமுக்கிக்கொண்டே. விரல் மரத்துவிட்டது.

எழுதியவை: காற்று. நீர். அமிலம். இலையின் குறுக்குவெட்டு. காந்தம். எதுவும் புரியவில்லை. சோதனைக் குழாய் படம் வரைந்தேன். நிஜச் சோதனைக் குழாய்கள் அலமாரியில் இருக்கின்றன, உள்ளே சிலந்தி முட்டை.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். காற்றுப் பாடம் எழுதிக்கொண்டே வந்த சார் நடுவில் நின்றார். பையிலிருந்து மெழுகுவர்த்தி எடுத்துக் கொளுத்தினார். தண்ணீர் குடிக்கிற கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடினார். சுடர் சின்னதாகி அணைந்தது. “யாரு அணைச்சா? நான் ஊதுனேனா?” என்று கேட்டார். செல்லத்துரை “டம்ளர் சார்” என்றான். “டம்ளர் என்னடே செஞ்சுது?” இன்னொரு பெரிய பாத்திரத்தால் மூடினார். அதிக நேரம் எரிந்தது. ஏன்? ஏன்? என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் நான்தான் சொன்னேன்: “உள்ள இருக்க காத்துல ஏதோ ஒண்ணு தீந்துருது சார்.” “அதுதான்!” என்று மேஜையைத் தட்டினார்.

பத்து நிமிடம்தான். அப்போது ஹெ.மா. குரல்: “ஸாரே, வியாழாழ்ச்சத்தெ நிகழ்ச்சி லிஸ்ட்!” சார் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் போனார்.

சாருக்கு நடத்தத் தெரியாது என்றால்கூட ஆறிவிடும். இவ்வளவு நன்றாகத் தெரியும். அதுதான் ஆறவில்லை.

நவம்பர் 20, புதன்

21 நோட்டு மேஜைக்குப் போயிற்று. நான் வீட்டில் மறந்துவிட்டேன் என்று பொய். ஹெ.மா.: “நாளை காலையில் எட்டு மணிக்கு நோட்டு வரணும். இல்லெங்கில் அப்பாவெ கூட்டிட்டு வா.”

ஹெ.மா.வுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் பேசினால் புரியும். பின்பக்கத்தைக் காட்டி “இது என்ன?” என்று சாரையோ பிள்ளைகளையோ படிக்கச் சொன்னால்?

செய்யக்கூடியவை:
1. அடுப்பில் போடுவது. அய்யாவைக் கூப்பிடுவார்கள்.
2. பின்பக்கங்களை மைதாப் பசையால் ஒட்டுவது.
3. காய்ச்சல் வருவது. வரவில்லை.

பசை கிண்ட எழுந்தபோது கோமதி அக்கா விழித்துவிட்டாள். “ஏட்டி, இந்நேரத்துக்கு என்னத்தக் கிண்டுத?” எல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரிப்பு. அப்புறம் சிரிக்கவில்லை.

“சயின்ஸுல எனக்கு என்ன மார்க்கு தெரியுமா? எட்டு. மண்டு மண்டுன்னாவ. நானும் நா மண்டுதான்னு நெனச்சுக்கிட்டேன். சார் வரலன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லட்டி.”

அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். “ஒட்டாத. படு.”

நவம்பர் 21, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எட்டு மணிக்கு நோட்டைக் கொடுத்தேன். ஹெ.மா. முன்பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு மணிக்கு ஜீப். மாதிரி வகுப்பு. அதே மெழுகுவர்த்தி, அதே டம்ளர். தெரியாதது போல ஆச்சரியப்பட வேண்டும் என்று ஹெ.மா. சொல்லியிருந்தார். செல்லத்துரை அளவுக்கு மீறி வாய் பிளந்தான். சார் என்னைக் கேட்கவே இல்லை. மதாம்மா கைதட்டினார். பாவம், நல்ல முகம்.

அப்புறம் நோட்டுக் கட்டின் பக்கம் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். காலேஜ் டீச்சர் திருப்பிச் சொன்னார்: “பதினேழு எவிடெ? ஆ நல்ல பதில் எழுதிய குட்டி.”

மதாம்மா கட்டுக்குள்ளிருந்து என் நோட்டை எடுத்தார். புரட்டினார். படத்துக்குத் தலையாட்டினார். புரட்டிக்கொண்டே போய், பின்பக்கம். பக்கம் பக்கமாகப் படமே இல்லாத எழுத்து. புருவத்தைத் தூக்கி சாரிடம் நீட்டினார்.

சார் வாங்கினார். படித்தார். ஒரு பக்கம் திருப்பினார், படித்தார். அவர் கழுத்து வியர்த்தது எனக்குத் தெரிந்தது. ஹெ.மா. “எந்தா ஸாரே அது?” என்றார். ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் பிடித்தாள்.

சார் இங்கிலீஷில் சொன்னார். அப்சர்வேஷன், மேடம். டெய்லி அப்சர்வேஷன்.

தினமும் கவனித்து எழுதியதாம். இந்தத் தடவை அவர் சொன்னது பொய்கூட இல்லை.

மதாம்மாவுக்குச் சந்தோஷம். நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து வைத்து நான்கு போட்டோ எடுத்தார். பின்பக்கத்தை! 4-ஆம் தேதியும் 12-ஆம் தேதியும் அதில் வந்திருக்கும். எல்லாம் அந்தக் கேமராவுக்குள் ஏறிப் போய்விட்டது, ஒரு எழுத்து புரியாமல். ஹெ.மா. பக்கத்தில் நின்று சிரித்தார். அவரும் ஒரு போட்டோவில் இருக்கிறார்.

பேச வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். ஜீப் கிளம்பிவிட்டது.

மணி அடித்ததும் சார் நோட்டை என் கையில் தந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. “பேச்சியம்மா. பின்பக்கம் நெறைய ஆயிட்டு. பாத்து எழுது.”

மதாம்மா ஊரில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருக்க மாட்டாரா? இருந்தாலும், அவர் அதைப் படிப்பதற்குள் எனக்கு மார்ச் வந்துவிடும்.

நவம்பர் 22, வெள்ளி

தூறல். அம்மாவுக்கு இருமல். சட்டையில் பட்டன் போயிற்று.

மூன்றாவது பீரியட் அறிவியல். சார் வரவில்லை. நேற்றைய வருகை பற்றி ஆபீசில் ரிப்போர்ட். டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் வந்துவிட்டது, சத்தம் வகுப்பு வரை கேட்டது.

செல்லத்துரை போர்டில் கோடு போட்டு ‘பேசுபவர்’ என்று எழுதினான். மேஜையில் நேற்றைய மெழுகுவர்த்தித் துண்டு அப்படியே.

அறிவியல் புத்தகத்தில் ஆறாம் பாடத்தை எடுத்தேன். மெதுவாகத்தான் படித்தேன். ஜெசிந்தா “கேக்கலட்டி” என்றாள். கொஞ்சம் உரக்கப் படித்தேன். பின் பெஞ்சிலிருந்து “கேக்கல.” எழுந்து நின்று படித்தேன். செல்லத்துரை என் பெயரைப் போர்டில் எழுதினான். எழுதிவிட்டு, “அந்த வரிய இன்னொருக்க படி” என்றான்.

டைப்ரைட்டர் சத்தம் நின்றது. வராந்தாவில் செருப்புச் சத்தம்.

“ஆரா அது? ஆரா சத்தம் போடுந்நது?”

ஹெ.மா. வாசலில். அவருக்குப் பின்னால் கையில் தாளோடு ஞா. சார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“நான்தான் சார். பதினேழு. இது சயின்ஸ் பீரியடு சார். ஜூன்லருந்து சார் வரல.”