தூளித் துணி

2-2-1964

அன்புள்ள நைனாவுக்கு, விருத்தாசலம் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். நீங்களும் உங்கள் மருமகள் அம்சாவும் எங்கள் குழந்தையும் சுகமா?

"ஜப்பான்ல ரெண்டு ஊர சாம்பலாக்குன சனியன் நம்ம நாட்டுக்கு எதுக்குடா? இழுத்து மூடச் சொல்லு" என்று எழுதியிருந்தீர்கள். இங்கே வடக்கே அணு உலையில் கூட்டித் துடைக்கிற என்னையா கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் நாளைக்கு இதில் கரண்டு வந்தால் திண்டிவனம் முழுக்கக் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஓடும், மல்லாட்டைப் பயிர் காயாது என்று உங்களோடு சண்டை போடத்தான் இருந்தேன்.

நேற்று வேலை முடிந்து வரும்போது, வாசலில் கதிர்வீச்சு ஒட்டியிருக்கிறதா என்று என் கையைச் சோதித்த மெஷின் கடகடவென்று கத்தியது. எங்கள் மேஸ்திரி விழுப்புரத்துக்காரர். "இன்னாத்த தொட்ட? ஜல்தி கழுவிக்கினு வா" என்றார். சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அடங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லையாம்.

இன்னொன்று. பொங்கலுக்கு ஊருக்கு வந்த சக்கரபாணியிடம் கொடுத்தனுப்பிய வெள்ளைத் துணி, உள்ளே துடைக்கக் கொடுத்தது. அது வெளியே வரக் கூடாது. நல்ல கெட்டித் துணி, குப்பையில் போட மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் இடுப்பில் சுற்றி எடுத்து வந்து துவைத்து அனுப்பினேன். அம்சா அதில் தூளி கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். எரிக்காதீர்கள். கிணற்றுக்குத் தூரமாக, ஆழமாகப் புதையுங்கள். அம்சாவிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

குழந்தை பால் குடிக்கிறாளா, சிரிக்கிறாளா என்று மறுதபாலில் எழுதுங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

மூட வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு, உங்கள் மறுதபாலைப் படித்த பிறகுதான் என்னால் பதில் எழுத முடியும்.

உங்கள் மகன்
விருத்தாசலம்