கரிமேட்டுக்கும் சிரியத்துக்கும் நடுவே

மாப்பிள்ளை,

இன்று காலை தாமுவே சந்தைக்குப் பூண்டு வாங்கப் போனேன். பக்கத்துக் கடைக்காரர் ஆணியைக் கழற்றி ஒரு மெழுகுவர்த்திப் பெட்டியைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. மழைநாள் கால்பந்தாட்டத்துக்கு முன்னால் ஓரமாகக் குந்தியபடி நீ பந்தின் தையலில் மெழுகு தேய்ப்பது கண்முன் வந்து நின்றது. "தண்ணி உள்ள எறங்குச்சுன்னா இது பந்து இல்ல மச்சான், அம்மிக்கல்லு" என்பாய். நீ போனபின் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. உன்னிடம் பேசுகிற வழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

என் தங்கை பாக்கியத்தை நீ கட்டிய பிறகு, உன்னை 'நீங்க' என்று அழைக்கச் சொல்லி அம்மா எவ்வளவோ மன்றாடினாள். எனக்கு வாய் வரவில்லை. ஒரே மைதானத்துச் சேற்றில் புரண்டவர்கள் நாம். ரயில் பட்டறைக்குப் பின்னால் எரிந்த கரியும் சாம்பலும் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு, அதன் அடியில் நம் மைதானம். இந்தப் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்டு பேட்டையின் ரயில்வே லைன் வீடுகளில் பிறந்த யாருக்கும் கரிமேட்டு அணிதான் அணி. நான் கோலில் நிற்பேன், நீ முன்வரிசையில் நடுவில் ஓடுவாய். சனிக்கிழமை பட்டறைச் சங்கு ஊதியதும் லைன் வீடுகள் காலியாகிவிடும், எல்லோரும் மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நாம் தோற்றால் அன்றைக்குப் பல வீடுகளில் சோறு இறங்காது.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்மியர்கள் தன்லியின் என்கிற சிரியத்தில், எண்ணெய் ஆலை பெருத்துக்கொண்டே போனது. உனக்கு அங்கே கொதிகலன் வேலை கிடைத்தது. குடியிருக்க வீடும் கொடுத்தார்கள். பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போனாய். அதில் யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் சனிக்கிழமை தோறும் லாஞ்சுப் படகு ஏறி வந்து நமக்குத்தான் ஆடினாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாய்: "அங்க ஒரு டீம் கட்டப்போறோம் மச்சான். ஆலையில எடம் குடுத்துட்டாங்க. நல்லா ஆடுறவனுக்கு வேலையும் குடுக்கறாங்க."

"அங்க யாரு பாக்க வருவா? எண்ணெய்த் தொட்டியா?" என்று கேட்டேன்.

"கணக்கு வழக்கில்லாம ஆளு இருக்கு. நம்ம ஆளு, தெலுங்கு ஆளு, பர்மாக்காரன். வேலை முடிஞ்சா சாராயக் கடைய விட்டாப் போக்கிடம் இல்ல. ஒரு தரம் வந்து பாரேன்."

"அதுக்கு எங்க ஆளத்தான் கூட்டிட்டுப் போகணுமா?"

நீ டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தாய். நம் இடது ஓரக்காரனும் தடுப்பாட்டக்காரன் ஒருவனும் உன்னோடு போனார்கள். கூலியாட்களைப் பிடித்துக் கப்பலேற்றி வருகிற மேஸ்திரிகளை நம் ஜனம் என்ன பேச்சுப் பேசும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெயரையே உனக்கு வைத்தார்கள். நீ மாமியார் வீட்டுக்கு வரும்போது, "மேஸ்திரி வந்துட்டாரு, நல்லா ஆடுற பசங்கள உள்ள கூப்புடுங்க" என்று எதிர்வீட்டிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். நீ சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவாய். உள்ளே வந்தபின் திரும்பிப் போகும்வரை வாசல் பக்கம் வரமாட்டாய்.

உங்களை நகர அணிகளின் லீக் போட்டியில் சேர்க்கப் பழைய அணிகள் எல்லாமே முனகின. ஆறு தாண்டி யார் போவது, வெள்ளம் ஏறினால் லாஞ்சு ஓடுமா என்று ஆளுக்கொரு கேள்வி. கடைசியில் எல்லா ஆட்டத்தையும் இந்தப் பக்கமே வந்து ஆட வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தார்கள். அந்த வருஷம் முழுக்க மழையில் நனைந்தபடி துறையில் இறங்கினீர்கள், ஈரத்தோடு ஆடினீர்கள், தோற்றீர்கள், அதே ஈரத்தோடு திரும்பிப் போனீர்கள். உங்களுக்காகக் கைதட்ட மைதானத்தில் ஓர் ஆள் இருந்ததில்லை.

மறுவருஷம் உங்கள் மைதானத்தில் ஆட அனுமதி கிடைத்தது. முதல் ஆட்டமே கரிமேட்டோடு. நம் ஜனம் ஆற்றைத் தாண்ட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டது. ஆடுகிறவர்கள் மட்டும் லாஞ்சில் வந்தோம். ஆலைச் சாலையில் திரும்பியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். சதுப்பு நிலத்தில் கொதிகலன் சாம்பலைக் கொட்டி நீங்களே மிதித்து இறுக்கிய மைதானம். நாலு பக்கமும் தலைகள். மர ஏணிகளின்மேல், மாட்டு வண்டிகளின்மேல் எல்லாம் ஜனம். ஒரு பக்கம் தவில், இன்னொரு பக்கம் பர்மியரின் நீளப் பறை. பெண்கள் கூட்டத்தில் பாக்கியம் உங்கள் மூத்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கோலுக்குப் போகும் வழியில் கூப்பிட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு நான் இந்தப் பக்கந்தான்."

"புருஷன் பக்கமா?"

"அவருக்காக இல்லண்ணே. இவங்க எல்லாரும் எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், உங்கள் நடு ஆட்டக்காரன் கோ ம்யா தூக்கிப் போட்ட பந்தை நீ தலையால் தட்டினாய். என் விரலில் பட்டுத்தான் உள்ளே போனது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. தங்களுக்கும் இப்படி நடக்கும் என்று அவர்கள் நம்பவில்லை போலும். அப்புறம் எழுந்த சத்தத்தை இன்றைக்கும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். தோற்ற ஆத்திரத்தோடு சேற்றில் கிடந்த நான், அந்த முகங்களைப் பார்த்ததும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விழித்தேன். உன் ஆட்கள் உன்னைத் தூக்க ஓடி வந்தார்கள். நீ அவர்களை விலக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "விரலு வீங்குதே மச்சான், காட்டு" என்றாய்.

அதற்குப் பிறகு காற்று உங்கள் பக்கம் அடித்தது. பட்டறை வேலையில் பாதியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். லைன் வீடுகளில் பூட்டுகள் தொங்கின. நன்றாக ஆடுகிறவனை ஏதாவது ஓர் ஆலை, பல தடவை உங்கள் ஆலையே, வேலை கொடுத்து அழைத்துக்கொண்டது. மேட்டின்மேல் மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்தான் அதிகம் நின்றன. ஊருக்கு வடக்கே வேறொரு புது அணி, கூரை போட்ட இருக்கைகளோடு தயாராக நின்றது. அதற்கு இடம் வேண்டும், கரிமேட்டை எடுத்துவிடலாம் என்று லீக் கூட்டத்தில் பேச்சு வந்தது.

நம்மோடு காலங்காலமாக ஆடிய பழைய அணிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். எழுந்து நின்றது நீ ஒருவன்தான்.

"ஐயா, எங்க டீம்ல பாதிப் பேரு கரிமேட்டுல ஆடக் கத்துக்கிட்டு வந்தவன். நானும் அங்கதான் கத்துக்கிட்டேன். அவங்க ஆளை நாங்க எடுத்தோம். எடுத்துட்டு, இப்ப ஆளில்லன்னு சொல்லி அவங்களை வெளிய அனுப்பறது என்ன நியாயம்? ஒருத்தருக்கு எடம் வேணும்னா இன்னொருத்தரை ஏன் எழுப்பணும்? இன்னொரு நாற்காலி போடுங்களேன்."

நாற்காலி போட அவர்களுக்கு மனசில்லை. கை தூக்கினார்கள், கரிமேடு போயிற்று. வெளியே வந்ததும் மழை. ஒரு கடை ஓரமாக ஒதுங்கினோம்.

"சிரியத்துக்கு வந்துடு மச்சான். உன்ன மாதிரி கோலுக்கு ஆளில்ல."

"எல்லாரையும் கூட்டிட்டுப் போன. என்னையாவது இங்க விடு."

அது உன்னைக் குத்தியிருக்கும். நீ துண்டைப் பிழிந்துகொண்டு துறைப்பக்கம் நடந்தாய். உறவே அறுந்தது என்று நினைத்தபடி நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுப் பக்கம் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் நீ, கோ ம்யா, உன் முழு அணியும் வந்து நிற்கிறது. லீகில் மேலே ஏறிக்கொண்டிருந்த அணி, கோப்பையும் இல்லாத டிக்கெட்டும் இல்லாத ஓர் ஆட்டத்துக்கு ஆறு தாண்டி வந்திருக்கிறது. "ஆளு குறைஞ்சா எங்கள்ல ரெண்டு பேர எடுத்துக்க" என்றாய். யாரை எடுக்கட்டும் என்று கேட்டேன். "என்னை எடு" என்றாய். அன்றைக்கு நீ கரிமேட்டுக்கு ஆடினாய், உன் அணிக்கு எதிராகவே கோல் போட்டாய். எதிர்வீட்டுக்காரர் மேட்டிலிருந்து, "மேஸ்திரி, நம்ம மேஸ்திரி!" என்று கத்தினார். அதிலிருந்து லீக் ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தீர்கள். மேட்டில் ஜனம் மறுபடி ஏறத் தொடங்கியது. லீக் எங்களைக் கடைசிவரை திரும்ப எடுக்கவில்லை.

நீ காய்ச்சலில் விழுந்தது மழை உச்சத்தில் இருந்தபோது. சேதி வந்து நான் லாஞ்சு பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்பு ஆட்டம் பார்க்கச் சிரியத்துக்கு வர மாட்டோம் என்று உட்கார்ந்திருந்த லைன் வீட்டு ஜனம், கிடைத்த சம்பான் படகுகளில் எல்லாம் ஏறி வந்தது. பாடையின் முன்பக்கம் யார் தோள் கொடுப்பது என்று இரண்டு அணிக்கும் தகராறு வரப் பார்த்தது. பாக்கியம் உள்ளேயிருந்து அழுகைக்கு நடுவே சொன்னாள்: "முன்னாடி அண்ணன் ஒரு பக்கம், கோ ம்யா ஒரு பக்கம் நில்லுங்க." அப்படியே கொண்டுபோனோம். கரிமேட்டுக்கு வந்துவிடு என்று பிறகு அவளை அழைத்தேன். வர மறுத்துவிட்டாள். உன் மகள்கள் இருவரும் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். இளையவள் தமிழைவிடப் பர்மிய மொழியில்தான் வேகமாகச் சண்டை போடுகிறாள்.

உன்மேல் எனக்கிருந்த கோபம் முழுக்கக் கரைந்துவிட்டது என்று எழுதினால் பொய். நீ கட்டிய அணியால் என் அணி தேய்ந்தது. இரண்டும் உன் கையால் நடந்தவை, ஆனால் இரண்டு அணியிலும் உன் மனசு இருந்தது. போன வாரம் டீக்கடையில், ஊருக்கு மேற்கே அரிசி ஆலைக்காரர்கள் லீகில் இடம் கேட்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. "நேத்து மொளச்சவனுக்கெல்லாம் எதுக்கு எடம்?" என்றார் ஒருவர். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாதாடத் தொடங்கினேன். அங்கேயும் வேலை முடிந்து போக்கிடம் இல்லாதவர்கள் இருப்பார்கள் என்றேன். அவர்களைச் சேர்க்க எங்களைப் போல் இன்னொருவரை எழுப்பிவிடக் கூடாது என்றும் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். உன் பக்கத்தைப் பேச நீ இல்லை, மாப்பிள்ளை. என் பக்கத்தோடு சேர்த்து அதையும் நானே பேசுகிறேன். உன்னளவுக்குப் பேச வரவில்லை, ஆனாலும் விடுவதில்லை.