பேரன் கண்ணுக்கு ஒரு கையெழுத்து

ஐப்பசி 12, செவ்வாய்.

பேரன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து இன்றோடு முப்பது நாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். கண் பரிசோதனைக்கு என்று டாக்டரம்மா ஒரு தாளை நீட்டி மகளிடம் கையெழுத்துக் கேட்டார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

குத்தகைக்காரன் பேரைப் பதியச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்ட வருஷம், அதற்குத்தான் என்று சொல்லிப் பண்ணையில் என் கைநாட்டை வாங்கினார்கள். பிறகு பார்த்தால் நான் குத்தகைக்கு உழுத நிலத்தை நானே விட்டுக்கொடுத்ததாகத் தாள் சொன்னது. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியது அதனால்தான்.

கூட்டிக் கூட்டிப் படித்தேன். குறைமாதம், ரத்தசோகை, இரண்டு தடவை ரத்தம் ஏற்றியது, இதனாலெல்லாம் பார்வை கெடலாம் என்று இருந்தது.

"தினம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தீங்க. அப்புறம் குறைஞ்சுபோச்சுன்னு ஏத்துனீங்க. மடையைத் தொறந்துவிட்டுட்டு வயல் காயுதுங்கிறீங்களே?"

கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"சோதனைக்கு எடுத்ததுலயும் கொஞ்சம் குறைஞ்சதுதான், ஐயா. ஆனா ஏத்தலேன்னா புள்ள தங்கியிருக்காது. கண்ணை இப்பவே பார்த்தாத்தான் காப்பாத்த வழி இருக்கும்."

அவர் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கேட்டதும் ஒத்துக்கொள்கிற ஆளை நான் எந்த ஆபீசிலும் கண்டதில்லை.

"அப்பா, இது அவன் கண்ணுப்பா. உங்க நிலம் இல்ல" என்றாள் மகள்.

கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டாள். நாளைக் காலையில் கண் டாக்டர் வருகிறார்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அதை மட்டும் நான் படிக்காமலே கொடுத்தேன்.