பூட்டிய யன்னலும் பங்குனி வெயிலும்

கட்டுகஸ்தோட்டை
08.04.1998

அன்பு மகன் பாலேந்திரனுக்கு,

முருகன் துணையால் நீயும் மருமகளும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், அப்படி எழுதினால் பொய், நடந்ததை எழுதாவிட்டால் பிறகு என்னோடு கோபிப்பாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தநாள் வீட்டுக்கு வந்துவிட்டார், இனி உயிருக்கு ஒன்றுமில்லை. குண்டும் இல்லை, பொலிசும் இல்லை ராசா, வெயில். கண்டியில் வெயில் பட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று கேட்பாய், எனக்கே இன்னும் விளங்கவில்லை.

பங்குனி முழுக்க ஒரு துளி மழை இல்லை, பாலத்தடியில் மகாவலியின் பாறையெல்லாம் வெளியே தெரிகிறது. எங்கள் மேல்மாடிக்குத் தகரக் கூரை என்பது உனக்குத் தெரியும், பின்னால் நின்ற பலாமரம்தான் நிழல் தந்தது, அதையும் தறித்துவிட்டு நாலு மாடிக் கடை கட்டிவிட்டார்கள், இப்போது இரவிலும் சுவர் சுடுகிறது. யன்னலைத் திறந்தால் காற்று வரும், ஆனால் தை மாதம் புத்தர் கோயில் மாளிகையடியில் குண்டு வெடித்ததிலிருந்து தெருப்பக்கத்து யன்னலை நாங்கள் திறப்பதேயில்லை, நீயும் ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் பூட்டியே வையுங்கோ என்றுதானே சொல்கிறாய். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கல் வந்த யன்னல் அது. அப்பா கொண்டி போட்டது போதாதென்று அலுமாரியையும் இழுத்து முன்னால் வைத்தார். ஒரு மின்விசிறியாவது வாங்குவோம் என்றேன், கண்டிக் குளிருக்கு விசிறி பூட்டினால் ஆட்கள் சிரிப்பார்கள் என்றார், அவருடைய பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

போன வியாழன் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் என்னை யாரோ போலப் பார்க்கிறார், ஸ்டேசனுக்கு நேரமாகிறது, யாழ்தேவி போய்விடும் என்கிறார். அந்த ரயில் யாழ்ப்பாணம் போய் எத்தனை வருசம். பகிடி விடுகிறார் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன், உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, வியர்வை ஒரு சொட்டு இல்லை. காய்ச்சல் என்றுதான் நான் முடிவு கட்டினேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காய்ச்சல் என்றால் கம்பளியும் கொத்தமல்லித் தண்ணீரும்தானே எங்களுக்குத் தெரியும், உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். ஸ்வெற்றர் மாட்டி, காதை மூடி மப்ளர் கட்டி, கம்பளியால் போர்த்து, சுடச்சுடக் கொத்தமல்லி பருக்கினேன். அவர் கையை உதற உதற நான் இன்னும் இறுக்கிப் போர்த்தேன். கீழ்வீட்டுப் பாயிஸா தற்செயலாக மேலே வந்தவள் அறைக்குள் நிற்க முடியாமல் சத்தம் போட்டாள், அலுமாரியைத் தள்ளி யன்னலைத் திறந்து, கம்பளியை இழுத்தெறிந்து, ஓட்டோவையும் அவள்தான் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று டொக்டர் சொன்னார். ஊரெல்லாம் சீமெந்தாகிவிட்டது, இனி வருசத்துக்கு வருசம் இந்தச் சூடு கூடத்தான் போகிறது, வயதானவர்களை மூடிய அறையில் வைக்காதீர்கள், யன்னலைத் திறந்து விடுங்கள் என்றார். திறந்தால் ஒரு பயம், பூட்டினால் ஒரு பயம். இப்போது பகலில் திறக்கிறேன், தெருவில் ஆள் சத்தம் கேட்டால் சாத்துகிறேன், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திறக்கிறேன், எனக்கே தலை சுற்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன். வார்டில் டொக்டர் வரும்வரை கிடத்தியிருந்தார்கள், வாசலில் துவக்கோடு ஒரு ஆமிக்காரன், சுற்றிவரச் சிங்கள ஆட்கள். அப்பா திடீரென்று என் பேரைச் சொல்லி, “தவம், தண்ணி தா, தண்ணி தா” என்று தமிழில் பெலத்துக் கத்தினார். நான் என் கையால் அவர் வாயைப் பொத்திவிட்டேன். தண்ணீர் கேட்ட மனிதனின் வாயை, பாலேந்திரா. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, ஒரு சிங்கள மனுசி, எழும்பி வந்து என் கையை எடுத்துவிட்டு, தன்னுடைய லேஞ்சித் துணியை நனைத்து அவர் உதட்டையும் கழுத்தையும் துடைத்தா. என்ன நினைத்தாவோ தெரியாது.

ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறார் அப்பா. பேப்பர் வாசிக்கிறார், கறிக்கு உப்புக் காணாது என்று குறையும் சொல்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் வாய் திறந்து கேட்கிறாரில்லை, கையால் காட்டுகிறார். தொண்டை வறண்டதாலா, வேறு ஏதுமா, எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

வருசப் பிறப்புக்கு உனக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது யன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. அப்பாவிடம் ரெலிபோனைக் கொடுக்கிறேன், என்ன வேணும் அப்பா என்று நீ கேள். அவர் வாயால் சொல்லும்வரை வைக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
தவமணி