எனக்கு அனுபவம் இல்லை என்று நான் சொன்னது பற்றி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து இருக்கிறோம். அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் போதும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சீனியர் வக்கீல் அம்மாவுக்குப் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போவதையும், கோர்ட்டில் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அவர் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று குறிப்பு எடுப்பதையும் விவரமாக எழுதியிருந்தாய். ஆறு வாரம் இப்படிப் பார்த்தால் அதற்குப் பெயர் வேலை அனுபவமாம். பார், நல்லதுதான். ஆனால் போன வருஷம் என் வழக்கை நானே பேசப் போகிறேன், ஒரு நாள் வந்து பின்னால் உட்கார் என்று நான் கூப்பிட்டபோது, வக்கீல் வைத்துக்கொண்டால் வருகிறேன் என்றாய். அதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதுமில்லை.

தீர்ப்பைச் சித்தி போனில் சொன்னதாக எழுதியிருந்தாய், அவள் எதையும் பாதிதான் சொல்வாள். நம் வீட்டுக்கும் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் வீட்டுக்கும் நடுவிலுள்ள மூன்றடிச் சந்து அவருக்கு மட்டும்தானாம், கேட்டைப் பூட்டிக்கொள்ளலாமாம். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் இருபத்தாறு வருஷமாக அந்தச் சந்து வழியாகத்தான் பின் அறைக்கு வந்தார்கள், இப்போது முன் அறையைத் தாண்டி வருகிறார்கள். அங்கேதான் அப்பா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலில் இருக்கிறார். ஆள் வந்தால் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். பாங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, இது ஆஸ்பத்திரியா தையல் கடையா என்று விளையாட்டாகக் கேட்டாள். ரெண்டும்தான், உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க என்றார் அப்பா, திரும்பாமலே.

எப்படித் தோற்றீர்கள் என்று கேட்டிருந்தாய். ஒரே ஒரு சொல்லில் தோற்றேன். கூண்டில் நின்றபோது எதிர்த்தரப்பு வக்கீல் சந்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் உங்களுக்கு அனுபவம் உண்டாம்மா என்று கேட்டார். அவருடைய குமாஸ்தா முதல் நாளிலிருந்தே, தையற்காரம்மா பாயிண்ட் பேச வந்துட்டாங்க என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்த ஆள். நானே கேஸ் நடத்துவதைத்தான் இவரும் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து, எனக்கு ஒரு நாள் அனுபவம்கூடக் கிடையாது, எல்லாம் நானே படித்துக்கொண்டு வந்தது என்றேன். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் வாயை அடைத்துவிட்டேன் என்று அன்று எனக்குப் பெருமை. பத்திர மொழியில் அனுபவம் என்றால் ஒரு இடத்தை விடாமல் பயன்படுத்தி வருவது என்பது தீர்ப்பைப் படித்துத்தான் தெரிந்தது. சந்தில் ஒரு நாள் அனுபவமும் இல்லை என்று வாதியே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அதில் இருக்கிறது. நூலகத்தில் மூன்று சட்டப் புத்தகம் எடுத்துப் படித்தவளுக்கு வீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனாலும் தப்பு என்னுடையது என்று சொல்ல மாட்டேன். நடந்தீர்களா என்று கேட்டிருந்தால் நடந்தேன் என்றிருப்பேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கால் இருபத்தாறு வருஷம் ஒழுங்கா நடந்துச்சு, வாய்தான் கெடுத்துச்சு என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு சட்டைக்குக் காலர் வைத்தேன். கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது. பூட்டின கேட்டைப் பார்த்தால் யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு கேட் மாதிரி இருக்கிறது.

அப்பீலை உன் ஊர்க் கோர்ட்டில்தான் போட வேண்டும், சீனியர் அம்மா நடத்தித் தருவார், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று வக்காலத்துப் படிவம் வைத்திருந்தாய். எனக்காக இன்னொருவர் பேசலாம் என்று நான் எழுதிக் கொடுக்கும் காகிதம். மூன்று நாள் மெஷின் மேலேயே கிடந்தது. அனுப்பக்கூடாது என்றுதான் இருந்தேன். இன்று காலை ஒருவர் அளவு கொடுக்க வந்தார், பெரிய உடம்பு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைய முடியவில்லை. அப்பா எழுந்து, கோலை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குள் போய், நான் அளவெடுத்து முடிக்கும்வரை அடுப்புப் பக்கம் பார்த்தபடி நின்றார். வந்தவர் போனதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்பீல் கெடுவுக்கு இனி பதினாறு நாள்தான் இருக்கிறது, தள்ளிப் போடாதே. தாக்கல் செய்ததும் அந்த எண்ணை எழுதி அனுப்பு. கோர்ட்டில் யாராவது ‘இதில்’ என்று கேள்வி கேட்டால் எதில் என்று உன் குறிப்பில் எழுதி வை, அது சீனியர் அம்மாவுக்கும் உதவும். நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். எங்கள் இருவருடைய ஆசிகளும் உனக்கு உண்டு, கோபம் வேறு, அது வேறு.

படிவத்தில் வக்கீல் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் பெயரை எழுத நீ இன்னும் வக்கீலாகப் பதிவு செய்யவில்லை, தெரியும். சீனியர் அம்மா பெயரை என் கையால் எழுத எனக்கு வரவில்லை. நீயே எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா