போர்டில் ஒரு சிவப்புப் பொட்டு

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பெண் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கு மற்ற ஆண்களுக்கு என்னென்னவோ நினைவு வரும். எனக்கு ஒரு வெல்டிங் மெஷினின் சர்க்யூட் போர்டும், அதன்மேல் குனிந்திருக்கும் உன் வழுக்கையும்தான் வருகின்றன. மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற என்ன வரும்" என்றாள்.

நீ ரிப்பேர் பார்த்த போர்டு ஒவ்வொன்றிலும், கை வைத்த இடத்தில் உன் வீட்டுக்காரியின் சிவப்பு நெயில் பாலிஷால் கடுகு அளவுக்கு ஒரு பொட்டு வைப்பாய். "நாளைக்கு இதே போர்டு திரும்பி வந்தா, எங்க கை வெச்சோம்னு தெரியணும்ல" என்பாய். "போர்டுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தமாடா" என்று நான் கிண்டல் செய்வேன். "நீயும் ஏன்டா வைக்கக்கூடாது" என்று நீ கேட்டபோது எனக்கு ஞாபகசக்தி நிறைய என்றேன். உண்மைக் காரணம் வேறு. என் போர்டுகள்தான் திரும்பி வரும். கெட்டுப்போன இடத்துக்கு நானே எதற்குச் சாட்சி வைக்க வேண்டும்?

முடிச்சூர் ரோட்டில் அரை ஷட்டர் கடை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. வாசல் பக்க நாற்காலி என்னுடையது. ஆனாலும் வருகிறவர்களின் கண் என்னைத் தாண்டி உள்ளேதான் போகும். "சார் இல்லையா?" நீ சார், நான் அண்ணா. நீ டிப்ளமோ படித்தவன். நான் பிளஸ் டூவில் பிசிக்ஸோடு இரண்டு முறை மோதினேன், இரண்டு முறையும் அதுவே ஜெயித்தது. நீ போர்டை எடுத்து மோந்து பார்த்தே எது கருகியிருக்கிறது என்று சொல்வாய். நீ இல்லாத நேரத்தில் நானும் மோந்து பார்த்திருக்கிறேன். தூசி ஏறித் தும்மியதுதான் மிச்சம்.

அந்தோணியின் மெஷின் உனக்கு நினைவிருக்கும். பொழிச்சலூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர். நீ குலதெய்வம் கோயிலுக்கு மூன்று நாள் ஊருக்குப் போன நேரத்தில் அதை இறக்கினார். "ஃபேன் சுத்துதுண்ணா, நெருப்பு மட்டும் வர்ல." நீ வருவதற்குள் முடித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. ரிலே மாற்றினேன். கெப்பாசிட்டர் ஆறு மாற்றினேன். வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் மூன்று கால் ரெகுலேட்டரையும் மாற்றினேன். அது பாவம், ஒரு தப்பும் செய்யாமல் ஓரமாக இருந்தது. மெஷின் அசையவில்லை.

நாலாம் நாள் காலை மொட்டைத் தலையோடு வந்தாய். மேஜையில் நான் கழற்றிப் போட்டிருந்த குவியலைப் பார்த்தாய். உடனே அந்தோணிக்குப் போன் போட்டாய்.

"அந்தோணி, பட்டறைல மெஷின் எதுக்குப் பக்கத்துல நிக்கும்?"

"கட்டிங் மெஷின் பக்கத்துல சார்."

அவ்வளவுதான். மெஷினை ஆன் செய்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் போர்டை மெதுவாகத் தட்டினாய். குட்டி விளக்கு அணைந்தது. மறுபடி தட்டினாய், எரிந்தது. கட்டிங் மெஷினின் அதிர்வில் டிரான்ஸ்பார்மர் காலைச் சுற்றி ஈயம் மயிரிழை அளவு விட்டிருந்தது. டீ ஆறுவதற்குள் சால்டர் வைத்து முடித்துவிட்டாய். நான் போர்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தோணி வந்து நின்றார். உன் கையில் சால்டரிங் அயர்ன் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"மூணு நாள் உக்காந்து நான்தான் பார்த்தேன் அந்தோணி. ஈயம் விட்டிருந்துச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். "ஆமா அந்தோணி, அவன்தான் பார்த்தான். நீ மெஷினை மட்டும் கட்டிங் மெஷின்கிட்டேர்ந்து தள்ளி வை" என்றாய். பிறகு என் கையிலிருந்த போர்டை வாங்கிக்கொண்டு மூடி போட உள்ளே போனாய்.

அன்று நீ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். வேலையில்தான் முந்தினாய் என்றால் நல்லவனாக இருப்பதிலுமா? மூன்றரை வருடம் அது என் தொண்டையில் மாத்திரை மாதிரி நின்றது. பிறகு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். உன் சாவு வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. மன்னித்துக்கொள்.

இந்தத் திங்கட்கிழமை அதே மெஷினோடு அந்தோணி வந்து இறங்கினார்.

"பத்து நிமிஷம் ஓடுதுண்ணா. அப்பால மஞ்ச லைட்டு எரிஞ்சி நின்னுக்குது. ஸ்கூல் கேட் ஒண்ணு கீது, வியாழக்கெழம மாட்டியாவணும். நீ பார்த்த மெஷின்தானே இது? முடியலன்னா இப்பவே சொல்லிடு. குரோம்பேட்டைல ஒருத்தர் கீறாராம்."

சொல்லிவிட்டு உன் காலி நாற்காலியைப் பார்த்தார். நீ போனதிலிருந்து பாதிப் பேர் குரோம்பேட்டைக்குப் போய்விட்டார்கள். இவரும் போனால் கடையில் நானும் ஷட்டரும்தான்.

"வியாழக்கிழமை கேட் மாட்டுவீங்க, போங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மூடியைத் திறந்தேன். டிரான்ஸ்பார்மர் கால் அருகே உன் பொட்டு. நீ எப்போதும் வைக்கும் கடுகு அளவு இல்லை, மச்சான். கல்யாணப் பெண் நெற்றி அளவுக்கு, இரண்டு பூச்சுப் பூசி வைத்திருந்தாய். அந்தோணி வந்து நின்றபோது இந்தப் போர்டு என் கையில்தான் இருந்தது. அப்போது பொட்டு இல்லை. அப்படியென்றால் நான் பொய் சொன்ன பிறகு, உள்ளே போய் வைத்திருக்கிறாய். வாயால் எனக்குக் கொடுத்துவிட்டு, கையால் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது, அதை விடு. உனக்கும் எரிந்திருக்கிறது. நாலு வருடமாக நான் மட்டும்தான் அற்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய பழக்கத்தில் கை ரிலேவைக் கழற்றப் போனது. நிறுத்திவிட்டு அந்தோணிக்குப் போன் போட்டேன். பட்டறையில் மெஷினை இப்போது எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"சார் சொன்னாருன்னு செவுத்தோரமா தள்ளிட்டேண்ணா. ஃபேன் செவுத்தப் பார்த்துகினு கீது."

ஃபேன் காற்று போக வழியில்லை, உள்ளே சூடு. உன் யோசனையிலும் ஒரு ஓட்டை என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டிலிருந்து பெண்ணின் முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து, போர்டில் ஒவ்வொரு இடமாகச் சூடு காட்டினேன். உன் சால்டர் கல் மாதிரி நின்றது. ரெகுலேட்டர் பக்கம் போனதும் மீட்டரில் பதினைந்து வோல்ட் பதினொன்றாக இறங்கி மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் மாற்றிய அதே ரெகுலேட்டர். கழற்றினால், சூட்டைக் கடத்த அடியில் தடவ வேண்டிய வெள்ளைப் பேஸ்டைத் தடவவே இல்லை. நீ வருவதற்குள் முடிக்கும் அவசரம். இன்னொருவன் மாட்டியிருந்தால் அந்தச் சூட்டை நாலு வருடம் தாங்கியிருக்காது என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

புதியதைப் பேஸ்ட் தடவி மாட்டினேன். ஒரு மணி நேரம் ஓடியது. மஞ்சள் விளக்கு எட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அந்தோணி வந்ததும், மெஷினைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன். பிறகு உண்மையையும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு இதை நான் பார்க்கலை அந்தோணி. அவன்தான் பார்த்தான்."

"தெரியும்ணா."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே தூசி ஊத மூடியத் தொறந்தேன். சார் பொட்டு பளபளன்னு கீது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவ. அப்பால எனக்கு யாரு டீ சொல்றது?" மெஷினை ஒரு தட்டு தட்டினார். "இத்தயாவது நீ பார்த்தியா?"

பதிலுக்கு மூடியைத் திறந்து காட்டினேன். உன் சிவப்புக்குப் பக்கத்தில், ரெகுலேட்டர் ஓரமாக ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. என் பெண்ணின் புது பாட்டில். அன்று காலையிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தாள். உன்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக வைக்கப் பார்த்தேன். வழிந்து, மசி கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் பெரியது என்னுடையதுதான்.

வியாழக்கிழமை கேட் மாட்டிவிட்டார். மறுநாள் கம்ப்ரசர் போர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு புது ஆள் வந்து, "சார் இல்லையா?" என்றார். "இல்லை. கொடுங்க" என்று வாங்கி, கழற்றுவதற்கு முன்னால் மெஷின் எங்கே நிற்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. பதில் சொல்லும்போது "சார்" என்றார்.

அது உன் கேள்வி என்று நான் சொல்லவில்லை. கேள்வியில் பொட்டு வைக்க முடியாதே, மச்சான்.